அக்காவுக்கு ஒரு நாள்

கணவன் செத்தால் ஐந்து நாள். பிள்ளை செத்தாலும் ஐந்து. பெற்றவர்களுக்கு மூன்று. உடன்பிறப்புக்கு ஒன்று. சலவைக்கூடத்தில் வருகைப் பதிவு இயந்திரத்துக்கு மேலே, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் இந்த விடுப்புக் கணக்கு தொங்குகிறது. அழுகையை இப்படிப் படி போட்டு அளந்து எழுதிய மகராசனுக்கு அக்கா இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் அவளோடு பேச்சுவார்த்தை இருந்திருக்காது.

அம்மா அந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ரோலர் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு இடதுபக்கம், பத்தொன்பது வருஷமாக அவள் அக்கா நின்ற இடத்தில், ஒரு புதுப்பெண் நின்றாள். ஆள் உயரம். வந்த அன்றே நெட்டை என்று பெயர் விழுந்துவிட்டது.

ரோலரைப் பார்க்காதவர்களுக்கு: ஆஸ்பத்திரியிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வருகிற படுக்கைவிரிப்புகள், துவைத்துப் பிழிந்து ஈரத்தோடு வண்டிகளில் வரும். நீராவியில் தகிக்கிற பெரிய உருளைகள் மூன்று சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, ஓடுகிற பட்டையின் மேல் விளிம்பை வைத்து, ஒரே நொடியில் கையை விடவேண்டும். ஒருத்தி முந்தினால் விரிப்பு கோணிக்கொண்டு போய்ச் சுருங்கும். ஒருத்தி பிந்தினால் விரல் சூட்டைத் தொட்டுவிட்டு வரும். அதற்காக அக்காவும் தங்கையும் ஒரு குரல் வைத்திருந்தார்கள். புடி, இழு, விடு. ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை. அந்த எண்ணூறுக்கு நடுவில் கிடைக்கிற சந்துகளில்தான் குடும்பமே நடந்தது.

"புடி. மாடி வீட்டுக்காரி புருஷன் திரும்பி வந்துட்டானாம். இழு. வெறுங்கையோட வந்தானாம். விடு."

"புடி. இவ எதுக்கு அவன உள்ள விட்டா? இழு. நானா இருந்தா செருப்ப வெளிய வச்சிட்டு அவனையும் வெளிய வச்சிருப்பேன். விடு."

பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "உங்கம்மா கட்டிக்கிட்டது பத்தாதா, ஒரு வீட்டுக்கு ஒரு முட்டாள் போதும்" என்பாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. மகளுக்கு அம்மா என்று சொல்ல இரண்டு பேர்: ஒருத்தி பெற்றாள், இன்னொருத்தி அடித்து வளர்த்தாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அந்த மகள்தான். சலவைக்கூடத்துப் பெண்கள் அவளைக் 'காலேஜு' என்றே கூப்பிட்டார்கள். பாதி பெருமை, பாதி நக்கல்.

பெரியம்மா மூன்றே நாளில் போய்விட்டாள். நெஞ்சு. ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்த விரிப்பின் மூலையைத் திருப்பிப் பார்த்து, சலவைக்கூடத்தின் முத்திரையைத் தடவி, "நம்ம போட்டதுதான்க்கா, சுருக்கமே இல்ல பாரு" என்று அம்மா சொன்னாள். பெரியம்மா கண்ணைத் திறக்காமல், "நீ புடிச்ச பக்கம் கோணல்" என்றாள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. ஊரில் எத்தனையோ பேர் கடைசி வார்த்தைக்காக ஏங்குகிறார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு குறை.

அதற்குப் பிறகு அம்மா தினமும் அக்காவோடு பேசினாள். சாயங்காலம் கொடியிலிருந்து துணிகளை எடுத்து வந்து கட்டில் மேல் போட்டு மடிக்கும்போது பேசுவாள். கண்ணீர் விட்டுப் பேசவில்லை. சாதாரணமாக, பக்கத்து அறையில் இருக்கிறவளிடம் சொல்வதுபோல. இன்றைக்குத் தண்ணீர் வரவில்லை, மேனேஜருக்குத் தலையில் பாதி மயிர் போய்விட்டது, உன் பொண்ணு பரீட்சை எழுதிவிட்டு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் பொண்ணு. அக்காவிடம் பேசும்போது மகளை அப்படித்தான் சொல்வாள்.

மகள் அப்போது உளவியல் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். பாடப்புத்தகம் வாங்க வழியில்லாதவர்களுக்குக் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது, அட்டை போய்விட்டது, எந்த வருஷம் அச்சானது என்று பார்க்கவேண்டிய பக்கமும் போய்விட்டது. அதில் துக்கத்துக்கு ஒரு அத்தியாயம். துக்கம் என்பது ஒரு வேலை என்றது அது. செத்தவர் மேல் வைத்த பாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி, உயிரோடு இருப்பவர்கள் மேல் நடவேண்டும். அந்தப் பந்தத்தை அறுத்தவர் குணமானவர், அறுக்காதவர் நோயாளி. பக்கத்திலேயே ஒரு கட்டத்துக்குள் ஐந்து படிகள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வீட்டில் நடப்பதற்குப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவளின் புல்லரிப்பு அது. படித்த குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால், இது பழைய புத்தகம் என்று சொல்ல வீட்டில் ஒரு மாமா இருந்திருப்பார். இவளுக்கு இருந்ததெல்லாம் அச்சில் வந்தது பொய் சொல்லாது என்கிற நம்பிக்கை. சார்ட் பேப்பர் வாங்கி வந்து ஐந்து படிகளை வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள்.

"என்னடி இது, பஸ் ரூட்டா?" என்றாள் அம்மா.

"துக்கத்தோட படிகள்மா. நீ இப்ப மூணாவதுல இருக்க."

"நான் ஏறவே இல்லையேடி. யாரு என்ன ஏத்தினது?"

"சிரிக்காதம்மா. நீ பெரியம்மாகூட பேசிக்கிட்டே இருக்கறதுனாலதான் அஞ்சாவதுக்கு வரமாட்டேங்கற. பேசறத நிறுத்தணும். கொஞ்ச நாளைக்குக் கஷ்டமா இருக்கும். அப்புறம் சரியாயிடும்."

அம்மா மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே வைத்தாள். "பேசினா என்ன ஆகும்?"

"நோயாயிடும்."

"புத்தகத்துல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிறவள், வாசிக்கத் தெரிந்த மகள் சொன்னதைத் தட்டவில்லை. எந்தப் பிள்ளையைப் படிக்க வைக்க பதினைந்து வருஷம் கொதிக்கிற உருளைக்கு முன்னால் நின்றாளோ, அந்தப் பிள்ளை படித்ததைச் சொல்கிறாள். அதற்கு மேல் கேள்வி எதற்கு? அன்றிலிருந்து அம்மா வாயைக் கட்டிக்கொண்டு துணி மடித்தாள். வீடு அமைதியாகிவிட்டது. மகள் சார்ட்டில் ஐந்தாவது படியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்த அமைதியைத் தன் முதல் வெற்றியாக எண்ணிக்கொண்டாள்.

எம்.ஏ. முதல் வருஷத்தில்தான் வெடித்தது. வகுப்பில் துறைத்தலைவர் அம்மையார், காபிக் கோப்பையை மேஜையில் வைத்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்.

"பந்தத்த அறுக்கணும்கறது பழைய சரக்கு. அத விட்டு ரொம்ப நாளாச்சு. இப்ப என்ன சொல்றாங்க? இறந்தவங்களோட உறவு முடியறதில்ல, வடிவம் மாறுது. பேசறது, நினைக்கறது, அவங்க சொன்னபடி நடக்கறது, இதெல்லாம் இயல்பு. அஞ்சு படியும் அப்படித்தான். அது முதல்ல சாகப்போற நோயாளிகளோட பேசி எழுதினது. அப்புறம் பிழைச்சிருக்கறவங்க தலையிலயும் கட்டிட்டாங்க. ஜனங்க அப்படி வரிசையாப் படி ஏறுறதுக்கு ஆதாரம் இல்ல."

மகள் எழுந்து நின்றாள். "மேடம், அந்தப் பழைய புத்தகத்த நம்பி யாராவது யாரையாவது பேசவிடாம செஞ்சிருந்தா?"

"அறிவியல்னா அப்படித்தான். தன்னைத்தானே திருத்திக்கும்."

திருத்திக்கொண்டது யார்? புத்தகம். அடுத்த பதிப்பில் ஒரு அத்தியாயத்தை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகிவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கட்டிலில் வாயைக் கட்டிக்கொண்டு துணி மடிக்கிறவளுக்கு யார் திருத்தம் அனுப்பினார்கள்? இதை வகுப்பில் கத்த வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. கத்தவில்லை. ஏனென்றால் அந்தத் திருத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய தபால்காரி அவள்தான். அவளும் சேர்க்கவில்லை. சார்ட்டை மட்டும் சத்தமில்லாமல் கிழித்துப் போட்டாள். "கரப்பான் அரிச்சிடுச்சும்மா" என்றாள். படித்தவள் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு மாதம் ஓட்டினாள்.

பெரியம்மா போய் இருபது மாதம் ஆன சமயம், ஒரு ஹோட்டல்காரர் சலவைக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். புது ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் சுத்தபத்தம் பார்க்கிறாராம். ரோலர் பக்கம் வந்தபோது அம்மா வேலை மும்முரத்தில் இருந்தாள்.

"புடி. உன் பொண்ணு குளிச்சிட்டு பக்கெட்ட கவுக்கவே மாட்டேங்கறா. இழு. படிச்சு என்ன பண்ண, பக்கெட்டு அப்படியே கிடக்கு. விடு."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். நெட்டையின் பக்கம்தான் திரும்பிச் சொன்னாள். ஆனால் கண் நெட்டையின் முகத்தில் இல்லை. தோளுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பெரியம்மா குள்ளம்.

ஹோட்டல்காரருக்குக் குஷியாகிவிட்டது. நெட்டையைப் பார்த்து, "உன் பொண்ணப் பத்தியா சொல்றாங்க?" என்றார்.

நெட்டை சூதுவாது தெரியாதவள். "ஐயோ இல்ல சார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. அவங்க அக்காகிட்ட சொல்றாங்க. அவங்க செத்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது" என்றாள்.

மறுநாள் அம்மா கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். பணியிடத்தில் இறந்தவருடன் உரையாடுவதால், இயந்திரத்தில் நிற்கும் மனநிலை உண்டா என்று நலன் அலுவலர் சொல்லும்வரை ரோலர் பக்கம் வரக்கூடாது. தகுதியில்லை என்றால் நிரந்தரமாகப் பிரிப்பறைக்கு மாற்றப்படுவார். பிரிப்பறை என்பது ஆஸ்பத்திரி அழுக்குத் துணிகளைத் தரம் பிரிக்கிற இடம். முகக்கவசம், கையுறை, சன்னல் இல்லாத அறை, ஒரே ஒரு ஆள். அங்கே போனவர்கள் ஒரு வருஷத்தில் பேச்சை மறந்துவிடுவார்கள் என்று பெண்கள் சொல்வார்கள். அந்த அறைக்கு அம்மாவை இப்போதே தற்காலிகமாக அனுப்பியும் விட்டார்கள்.

மகள் காகிதத்தை இரண்டு முறை வாசித்தாள். "ஏம்மா, வேலை இடத்துல எதுக்குப் பேசின?"

"வீட்லதானே பேசக்கூடாதுன்ன."

"நீ நிறுத்திட்டேன்னு நினைச்சேன்."

"நிறுத்தினேனே. வீட்டுல நிறுத்தினேன். அதுக்காக அவள எங்க விடறது? வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கயும் பேசக்கூடாதுன்னு உன் புத்தகத்துல இருந்துச்சா? நீ சொல்லலையே."

 வீட்டுக் கட்டிலில் யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்த பேச்சை, கொண்டுபோய் மேனேஜர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தது மகள்தான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், படித்தவர்களுக்கே உரிய குறுக்குவழியைக் காட்டினாள்.

"அம்மா, அந்த ஆபீசர்கிட்ட, 'ஆமா, நான் இப்ப விட்டுட்டேன், இனிமே பேசமாட்டேன்'னு சொல்லிடு. ரெண்டு வரி. ரோலர் கிடைச்சிடும்."

"பொய்யா?"

"சும்மா வாய்வார்த்தைக்குத்தானே."

"வாய்வார்த்தை மட்டும்தான்டி எங்களுக்குள்ள மிச்சம் இருக்கு" என்றாள் அம்மா. "அதையும் பொய்யாச் சொல்லச் சொல்ற."

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். குடும்பத்திலிருந்து ஒருவர் கூட வரவேண்டும் என்பதால் மகளும் போனாள். தோள்பையில் மூன்று தடிப் புத்தகங்கள். ஒன்று அந்த அட்டையில்லாத பிரதி. மற்ற இரண்டும் துறை நூலகத்தில் கெஞ்சி எடுத்தவை.

நலன் அலுவலரின் அறையில் பிளாஸ்டிக் செடி, வருகிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் முகம் துடைக்கிற காகிதப் பெட்டி. சுவரில் ஒரு படம். ஐந்து படிகள், ஐந்தாவது படிக்கு மேல் சூரியன் உதிக்கிறது. அம்மா அதை நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்க கரப்பான் அரிக்கலையா?" என்றாள் மகளிடம்.

அலுவலருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல முகம். கெட்ட எண்ணம் இல்லாதவர்கள்தான் படிவத்தை ஒழுங்காக நிரப்புவார்கள். மேனேஜர் ஓரமாக, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, உங்க அக்கா இறந்துட்டாங்கன்னு நம்பறீங்களா?"

"நான்தான் மேடம் அவ கண்ண மூடிவிட்டேன்."

"அப்புறம் ஏன் சத்தமாப் பேசறீங்க?"

"செத்துட்டான்னு தெரிஞ்சதாலதான் சத்தமாப் பேசறேன். உயிரோட இருந்தப்ப மெதுவாச் சொன்னாலே கேட்கும்."

அலுவலர் எழுதப்போன பேனாவை நிறுத்தினார். "அவங்க பதில் சொல்றது உங்க காதுல கேக்குதா?"

"உயிரோட இருக்கறப்பவே பாதிக்குத்தான் பதில் சொல்லுவா. மீதிக்கு மூக்கால ஒரு சத்தம்."

"கேக்குதா இல்லையாம்மா?"

"இல்ல மேடம். கேட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா கேக்கல."

அலுவலர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "பொதுவா ஒரு வருஷத்துல இது சரியாகிடணும். உங்களுக்கு அதத் தாண்டிடுச்சு. ஒண்ணும் பயப்படவேண்டாம். உங்க அக்காவுக்கு ஒரு விடைபெறும் கடிதம் எழுதுவோம். நீங்க சொல்லுங்க, உங்க பொண்ணு எழுதட்டும். 'நான் உன்ன விடுறேன், போயிட்டு வா' அப்படின்னு. அத இங்க வாசிச்சிட்டீங்கன்னா துக்கம் நிறைவுற்றதுன்னு நான் கையெழுத்துப் போட்டுடுவேன். நாளைக்கே ரோலர்."

இவ்வளவு சுலபம். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தாளைப் பார்த்தாள். பத்து நாள் பிரிப்பறையில் உட்கார்ந்ததில் அம்மாவின் முகத்தில் கவசத்தின் கோடு மூக்குக்கு மேல் பதிந்து கிடந்தது.

"நான் எங்க போறேன், அவகிட்ட விடைபெற?" என்றாள் அம்மா. "முடியாது மேடம். அந்த இருட்டறைலயே இருந்துக்கறேன். அங்க பேச ஆள் இல்லன்னா அவகிட்ட இன்னும் அதிகமாப் பேசுவேன். அதுக்கு எந்த அறைக்கு மாத்துவீங்கன்னு பாக்கறேன்."

மேனேஜர் எழுந்தார். "சரி, எழுதிடுங்க மேடம். நிறைவுறலன்னு."

"ஒரு நிமிஷம்" என்றாள் மகள். பையிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக மேஜையில் போட்டாள். பிளாஸ்டிக் செடி ஆடியது. "மேடம், இந்த வேலைக்கு எத்தனை நாள் பயிற்சி குடுத்தாங்க?"

அலுவலர் தயங்கினார். "துக்கத்துக்கு ஒரு நாள்."

"எங்கம்மா துக்கப்பட ஒரு நாள், அத அளக்க உங்களுக்கு ஒரு நாள். சரியாப் போச்சு. இந்த அட்டையில்லாத புத்தகப்படி, எங்கம்மா பந்தத்த அறுக்காததால நோயாளி. இந்த ரெண்டாவது புத்தகப்படி, அஞ்சு படியில எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்கறா. இந்த மூணாவதுல, அவ பேசறது இயல்பு, உறவு தொடருதுன்னு இருக்கு. அதே புத்தகத்துல கடைசில புதுசா ஒரு நோய் சேர்த்திருக்காங்க, நீண்ட துக்கம்னு. ஒரு கையேட்டுல ஆறு மாசம் தாண்டினா கணக்கு, இன்னொண்ணுல ஒரு வருஷம். எங்கம்மா ஏழாவது மாசம் ஒரு நாட்டுல நோயாளி, இன்னொரு நாட்டுல நல்லவ. ப்ளேன் ஏறினா குணமாயிடுவா போல."

நெட்டையைச் சாட்சி சொல்ல வெளியே உட்காரவைத்திருந்தார்கள். கதவு இடுக்கில் அவள் சிரிப்பது கேட்டது.

"எங்கம்மா ஆரம்பத்துல எப்படி இருந்தாளோ அப்படியேதான் இருக்கா. நீங்க எல்லாரும்தான் மாத்திக்கிட்டே இருக்கீங்க. நோய்னு சொல்றதுக்கும் அந்த மாசக் கணக்கு மட்டும் போதாது மேடம். நீங்களே வாசிங்க. துக்கத்தால நாள் முழுக்க முடங்கிப் போகணும். வேலை, வீடு, எதுவும் ஓடாம நிக்கணும். அப்படி நிக்கறவங்க இருக்காங்க, அவங்களுக்கு வைத்தியம் வேணும், நான் இல்லன்னு சொல்லல. இவ என்னிக்கு முடங்கினா? ஒரு நாள் லீவு குடுத்தீங்க, ஒரு நாள்தான் எடுத்தா. செத்தவகிட்ட பேசினா நோய்னு இந்தப் பட்டியல்ல ஒரு வரி இருந்தா காட்டுங்க."

அலுவலர் புத்தகத்தை இழுத்து வாசித்தார். உண்மையாகவே வாசித்தார். 

மகள் அதோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்தில் அம்மா மூன்றாவது புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இயல்புன்னு எதுல போட்டிருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"இதுலம்மா."

"இது எப்ப வந்தது?"

மகள் வருஷம் போட்ட பக்கத்தைத் திருப்பினாள். "நீ வாயை மூடினதுக்கு முன்னாலயே வந்திருக்கு. எனக்குத்தான் தெரியல. நான் படிச்சது பழசு. மேடம், இதையும் எழுதிக்கோங்க. எங்கம்மா வீட்டுலதான் பேசிக்கிட்டிருந்தா. பேசினா நோய் வரும்னு தடுத்தது நான். அதனாலதான் ரோலருக்கு வந்தா. தப்பு என்னோடது."

"உனக்கு எப்பத் தெரியும்?" அம்மா அலுவலரையும் பார்க்கவில்லை, மேனேஜரையும் பார்க்கவில்லை.

"ஆறு மாசமா."

"ஆறு மாசமா தெரிஞ்சும் நான் ஊமை மாதிரி துணி மடிக்கறதப் பாத்துக்கிட்டிருந்தியா?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"பத்து நாள் முன்னாடி பொய் சொல்லச் சொன்னியே, அப்ப வெக்கம் எங்க போச்சு?"

 மகள் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அழுதுவிடுவாள், அழுதால் அந்தக் காகிதப் பெட்டியை நகர்த்துவார்கள். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது என்று நிமிர்ந்தே உட்கார்ந்தாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "குடும்ப விஷயத்த வீட்டுல பேசிக்கோங்க. எனக்கு மெஷின் பாதுகாப்புதான். கவனம் வேற எங்கயோ இருக்கற ஆள நான் எப்படி நிறுத்தறது? அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க."

நெட்டை உள்ளே வந்து கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றாள்.

"இவங்க பக்கத்துல நிக்க பயமா இருக்காம்மா?" என்றார் அலுவலர்.

"அவங்க பேச ஆரம்பிச்ச மொத ரெண்டு நாள் இருந்துச்சு மேடம். யாரையோ பாத்துப் பேசறாங்களேன்னு. அப்புறம் பழகிடுச்சு. அவங்க அக்காவுக்கு 'விடு'ன்னு சொல்லுவாங்க, நான் விட்டுடுவேன். அவ்வளவுதான் எனக்கு வேலை. இருபது மாசத்துல ஒரு விரல் சுட்டதில்ல. இப்ப பத்து நாளா வந்திருக்கறவங்க ரொம்ப நல்லவங்க, வாயே திறக்கறதில்ல." கையை நீட்டிக் காட்டினாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தோல் சிவந்து வழன்றிருந்தது. "எனக்கு அந்தப் பெரியம்மாவையே வச்சிடுங்க சார். உயிரோட இருக்கறவங்கள விட அவங்க பரவால்ல."

மேனேஜர் அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார்.

அலுவலர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். அதில் இரண்டே கட்டங்கள். துக்கம் நிறைவுற்றது. துக்கம் நிறைவுறவில்லை. பேனா இரண்டுக்கும் நடுவில் நின்றது. மூன்று பெண்களும் அந்தப் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, கீழே ஓரத்தில் கையால் எழுதினார். எழுதியதை அம்மாவுக்கு வாசித்தும் காட்டினார். "துக்கம் இருக்கிறது. இயந்திரத்தில் நிற்கத் தகுதியும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதாகத் தெரியவில்லை."

"கம்ப்யூட்டர்ல இதுக்கு இடம் இல்ல மேடம்" என்றார் மேனேஜர். "ரெண்டுல ஒண்ணு தட்டணும்."

"அப்ப கம்ப்யூட்டர்ல தட்டாதீங்க சார். காகிதத்த வச்சுக்கோங்க." அலுவலர் கீழே கையெழுத்துப் போட்டு மேனேஜர் பக்கம் நகர்த்தினார். 

"ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டார் மேனேஜர்.

"பாருங்க சார்" என்றாள் அம்மா. "அப்பவும் அவ எனக்கு அக்காதான்."

வெளியே வராந்தாவுக்கு வந்தார்கள். முழு நாள் வருகை கிடைக்கவேண்டும் என்றால் பதினொரு மணிக்குள் பதிவு போட்டாக வேண்டும். அம்மா பையிலிருந்து தலைத்துணியை எடுத்து உதறிக் கட்டினாள். நெட்டை முன்னால் ஓடிப்போய்விட்டாள். மகள் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்தாள்.

"அம்மா."

"பேசாத."

"இனிமே வீட்டுலயும் பெரியம்மாகிட்ட பேசும்மா."

"அது உன் உத்தரவா? போன வருஷம் பேசாதன்னு ஒரு உத்தரவு, இந்த வருஷம் பேசுன்னு ஒரு உத்தரவு. அடுத்த வருஷம் புத்தகத்துல என்ன போடறாங்களோ." முடிச்சை இறுக்கினாள். "நான் எங்க பேசணும், எப்பப் பேசணும்னு எனக்குத் தெரியும். உனக்காக நான் மாத்திக்க மாட்டேன். ஒருதரம் மாத்தினதே போதும்."

மகள் சரி என்று தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நினைச்சிடாத. உள்ள கொதிச்சிட்டிருக்கு. இன்னிக்கு முழுக்க உன்னப் பத்திதான் அவகிட்ட பேசப் போறேன். நீ என்னவெல்லாம் செஞ்சேன்னு ஒண்ணு விடாமச் சொல்லப்போறேன்."

"சொல்லு" என்றாள் மகள். "நான் வாசல்லயே நிக்கறேன். எனக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

அம்மா உள்ளே போனாள். மகள் புத்தகப் பையைத் தரையில் வைத்துவிட்டு, உள்ளே வராதீர்கள் என்று எழுதியிருந்த மஞ்சள் கோட்டில் கால்விரல்கள் பட நின்றாள். பத்தரை மணி வகுப்பு போயிருந்தது. நீராவியின் இரைச்சலைத் தாண்டி, 'உன் பொண்ணு' என்று ஆரம்பித்த அந்தத் திட்டை, ஒரு வார்த்தை விடாமல் நின்று கேட்டாள்.